மேயரின் கல்லறைக்கு வெள்ளையடித்தவன்

மயானக் குழுவின் மார்கரெட் அம்மையார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வைக்கோல் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தக் கல்லறைக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

நான் முப்பது அடி தள்ளி நின்றேன். புல் வெட்டும் மெஷினை நிறுத்தியிருந்தேன். காதில் அதன் இரைச்சல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. வெட்டிய புல்லின் பச்சை வாசம். யூக்கலிப்டஸ் மரத்தில் இருந்து ஒரு மக்பை பறவை, குழாயில் ஊதுவதைப் போலக் கூவிக்கொண்டிருந்தது.

காலை வெயிலில் கல்லறை பளீரென்று நின்றது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கறுத்த, பாசி பிடித்த கற்கள். நடுவே அது மட்டும் கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளுடுப்பில் வந்த பிள்ளையைப் போல வெள்ளை வெளேரென்று.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. 'அழகாய் இருக்கிறது' என்று அவர் வாயால் கேட்கப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்துப் பேசினார். பேசியதில் எனக்கு விளங்கியது ஒரேயொரு சொல்தான்.

பொலிஸ்.

ஐந்தாம் வகுப்புக்காரனுக்குக் கிடைத்த வேலை

கடலில் வந்த கதையையும் முகாமில் இருந்த மாதங்களையும் முந்தைய கிழமைகளில் எழுதிவிட்டேன். வெளியே விட்ட பிறகு மெல்பேர்னின் டண்டினொங்கில் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். மற்ற மூவரும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கோழி இறைச்சி வெட்டும் இடத்தில் மேற்பார்வையாளர் ஏதாவது கேட்டால் நான் நிலத்தைப் பார்ப்பேன். இரண்டு கிழமையில் அனுப்பிவிட்டார்கள்.

நான் படித்தது மன்னாரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதைவிட என் கூச்சம்தான் பெரிய தடை. சின்ன வயதிலேயே கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் 'என்ன வேணும்?' என்று கேட்கும்வரை நிற்பேன். கேட்காவிட்டால் திரும்பி வந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்குப் பாஸ்கரன் கிடைத்தது கடவுள் செயல். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவர். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவே கிளென் வேவர்லியில் வாடகை வீடு எடுத்தவர். புல் வெட்டும் ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்தார். ஒரு வான் வண்டி, இரண்டு மெஷின், ஒரு நான்.

"சூசை அண்ணே, நம்ம வேலைல பேசவே வேண்டாம். புல்லு என்ன இங்கிலீஷா பேசப்போகுது?" என்றார் முதல் நாள்.

அவருக்குக் கிடைத்த முதல் பெரிய ஒப்பந்தம் அந்தத் தங்க ஊரின் பழைய மயானம். மெல்பேர்னில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மார்கரெட் கேட்டிருக்கிறார், அதனால் எழுதவில்லை. ஒரு காலத்தில் அங்கே தங்கம் கிடைத்து, உலகத்தின் எல்லா மூலையில் இருந்தும் சனம் வந்து குவிந்ததாம். இப்போது அகலமான ஒரு தெரு, இரும்புப் பூவேலை வைத்த பழைய கடைகள், மணிக்கூண்டோடு ஒரு பெரிய நகரமண்டபம், சுற்றிலும் காட்டுக்குள் பழைய குழிகள்.

"இங்க தோண்டுனா இன்னும் தங்கம் வருமாம்ணே. நீங்க புல்ல மட்டும் வெட்டுங்க, தோண்டிராதீங்க."

"வந்தாலும் எனக்கு அதைத் தங்கமெண்டு தெரியாது, தம்பி."

என் மனைவி பிலோமினாவும் மகள் றெஜினாவும் மன்னாரில் இருந்தார்கள். என் நிரந்தர விசா விண்ணப்பம் உள்ளே இருந்தது. அது கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். 'உங்கள் பெயரில் பொலிஸ் வழக்கு ஒன்றும் வரக்கூடாது, சின்னதாய்க்கூட வரக்கூடாது' என்று சட்டத்தரணி விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு நான் பாதைகடக்கும் விளக்குப் பச்சையானாலும் இன்னொருவர் இறங்கும்வரை நிற்பவன்.

சேமக்காலையும் சுண்ணாம்பும்

எங்கள் ஊரில் மயானம் என்று சொல்வதில்லை. சேமக்காலை என்போம். கார்த்திகை என்கிற நவம்பர் தொடங்கினால் கல்லறைத் திருநாள், செத்தவர்களை நினைக்கும் நாள். அதற்கு முதல் கிழமை ஊரே அங்கேதான் நிற்கும். புல் பிடுங்குவார்கள், சிலுவைகளை நிமிர்த்துவார்கள், எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்றைக்கு வெள்ளையடிக்காமல் கிடக்கும் கல்லறை, ஆளில்லாத கல்லறை. அதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று யாராவது ஒருவர் மிஞ்சிய சுண்ணாம்பை அதற்கும் அடித்துவிடுவார்.

அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் என் அப்பாதான். அவருக்குத் தொழிலே அது. கோயிலுக்கும் வீடுகளுக்கும் வெள்ளையடிப்பது. சிப்பிச் சுண்ணாம்பை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து எழும்பும். அந்தச் சூடும் மணமும் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கடைசியில் உடுப்புக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலப்பார். நீலம் சேர்ந்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

ஊருக்குள் தகர ரின்னில் அடைத்த பெயின்ற் வந்தபோது அப்பா அதைத் தொடவில்லை. "பெயின்ற் கல்லை மூச்சு விட விடாது. சுண்ணாம்பு கல்லோட கல்லு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "மண்ணுக்குள்ள போற அடிவரைக்கும் அடிக்க வேணும். இல்லாட்டி அரைக்காற்சட்டை போட்ட மாதிரி."

சண்டையின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து போகும் வழியில் அப்பா காய்ச்சலில் செத்தார். ஒரு பனையடியில், கையால் தோண்டக்கூடிய ஆழத்தில் வைத்தோம். ஒரு கல்லை நட நேரம் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தவர்கள், அங்கே பனையே இல்லை என்றார்கள்.

ஊரில் ஆளில்லாத கல்லறைக்கெல்லாம் வெள்ளையடித்தவருக்குக் கல்லறை இல்லை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாரிசில்லாதவர் என்று நினைத்தேன்

தங்க ஊரின் மயானத்தில் உயரமான தூண்கள், தேவதைச் சிலைகள், இரும்பு வேலி போட்ட கல்லறைகள் எல்லாம் உண்டு. ஒரு மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு சாதாரண மண்நிறக் கல். முகம் முழுக்கக் கறுப்பு. ஏழு மாதம் அதைச் சுற்றிப் புல் வெட்டினேன். ஒரு நாளும் ஒரு பூவைக் காணவில்லை. யாரோ ஏழை, தங்கம் கிடைக்காமல் செத்திருப்பார், அவருக்கும் ஆளில்லை என்று தீர்மானித்துவிட்டேன். கல்லில் எழுத்து இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. டண்டினொங்கில் வீட்டுக்குச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பெயின்ற் வாசலிலேயே அடுக்கியிருந்தது, விலையும் மலிவு. நான் உள்ளே போய், தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து கடைப் பையனிடம் காட்டினேன். அவன் மணந்து பார்த்து, தலையைச் சொறிந்து, கொத்தனார் பொருட்கள் இருந்த இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சுண்ணாம்பு மூட்டையைக் காட்டினான். நீலம் எங்கும் கிடைக்கவில்லை.

திருநாளன்று பாஸ்கரன் மயானத்தின் மறுகோடியில் பெரிய மெஷினோடு நின்றார். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். ஈரத் துணியால் கல்லைத் துடைத்தேன். அடியில் ஏறியிருந்த மண்ணைக் கையாலேயே ஒரு சாண் ஆழம் அகற்றினேன். அடிவரைக்கும் அடித்தேன். இரண்டு பூச்சு. பிறகு நாலு மெழுகுதிரி, கொஞ்சம் கார்னேஷன் பூ.

'ஐயா, நீங்கள் ஆரெண்டு தெரியாது. எங்கட அப்பாவையும் உங்களோட சேர்த்துக்கொள்ளுங்கோ' என்று செபித்தேன். அன்று வானில் வரும்போது நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பாஸ்கரன் பிறகு சொன்னார்.

அடுத்த கிழமைதான் மார்கரெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது.

"நீலம் கலந்தனீங்களே?"

மார்கரெட் போனதும் பாஸ்கரன் ஓடி வந்தார். மயானக் குழுவில் இருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. வாளியில் காய்ந்திருந்த வெள்ளையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, அது யாரு கல்லறைன்னு தெரியுமா?"

"பாவப்பட்ட ஆரோ ஒருத்தர், தம்பி."

"பாவப்பட்டவரா? இந்த ஊரோட முதல் மேயர்ண்ணே! சைலஸ் பென்ரோ! அடுத்த மாசம் நகரசபை தொடங்குன நாளு. ஊரே வந்து இந்தக் கல்லுக்குத்தான் மாலை வைக்கப் போகுது!"

"மேயரெண்டா ஏன் இவ்வளவு சின்னக் கல்லு?"

"அத அவர்கிட்டதான் கேக்கணும். எதுக்குண்ணே அடிச்சீங்க?"

"கல்லறைத் திருநாள்."

பாஸ்கரன் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "எங்க ஊர்ல பொங்கலுக்கு வீட்டுக்குத்தான்ணே வெள்ளையடிப்போம். அடுத்தவன் மேயருக்கு அடிக்க மாட்டோம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். போன வருஷம் யாரோ குடிகாரர்கள் சில கல்லறைகளில் சிவப்புப் பெயின்ற் ஊற்றியிருந்தார்களாம். குழுவினர் இதுவும் அவர்கள் வேலை என்றே நினைக்கிறார்கள். மறுநாள் நகரமண்டபத்தில் கூட்டம். மயானத்தில் வேலை செய்கிறவர்கள் என்பதால் எங்களையும் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அவங்க நெனைக்கட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க. நீங்க பேசாத ஆளுன்னுதானே உங்கள எனக்குப் பிடிக்கும்? நாளைக்கும் அப்படியே இருங்க. உங்க விசாவ யோசிங்க, அக்காவையும் பாப்பாவையும் யோசிங்க."

வானில் இருந்தபடியே மன்னாருக்கு அழைத்தேன். பிலோமினாவிடம் முழுக்கச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"நீலம் கலந்தனீங்களே?"

"இஞ்ச நீலம் கிடைக்கேல்லை."

"நீலம் இல்லாமல் ஒரு மேயருக்கு வெள்ளையடிச்சிருக்கிறியள். அதுதான் பொலிசுக்குச் சொல்லியிருக்கினம்."

அவள் அப்படித்தான். பயம் வந்தால் பகிடி விடுவாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நாங்கள் வராட்டிலும் பரவாயில்லை எண்டு நான் சொல்ல மாட்டன். எனக்கு வரத்தான் வேணும். ஆனால் ஆரோ செய்ததெண்டு சொல்லிப்போட்டு, நாளைக்கு அந்தச் சேமக்காலைக்குள்ள நீங்கள் எப்பிடிக் கால் வைப்பியள்? மாமாவுக்காண்டி எல்லே அடிச்சனீங்கள்?"

அவள் எனக்கு வழி காட்டினாளா, பாரத்தைக் கூட்டினாளா என்று அப்போது தெரியவில்லை.

அந்தக் கதிரை

நகரமண்டபத்தில் ஒரு நீண்ட மேசை. மூன்று பேர். நடுவில் குழுவின் தலைவர், சிவந்த முகம், பெரிய கைகள். பக்கத்தில் மார்கரெட். இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். நான் பதற்றத்தில் பக்கத்தில் கண்ட கதிரையில் உட்காரப் போனேன். பாஸ்கரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அதுல வேண்டாம்ணே! கயிறு கட்டியிருக்கு பாருங்க. அது அவரோட நாற்காலியாம்."

பழைய மரக் கதிரை. ஒரு கைபிடி தேய்ந்து மினுங்கியது. மேயருடைய கல்லறையைக் கெடுத்தது போதாதென்று கதிரையையும் கெடுக்கப் பார்த்தேன். நான் உட்காரவேயில்லை. அதன் அருகில் நின்றுகொண்டேன்.

தலைவர் பேசினார். பாஸ்கரன் எனக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார்: அன்றே பொலிசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள், போன வருஷத்துக் குடிகாரர்களை மறுபடியும் விசாரிக்கச் சொல்லப் போகிறார்கள்.

அப்போது மார்கரெட் ஒரு கடதாசிப் பையை மேசையில் கவிழ்த்தார். நாலு மெழுகுதிரித் துண்டுகள். வாடிய கார்னேஷன் பூ.

"குடிகாரர்கள் பூ வைப்பார்களா?" என்று அவர் தலைவரைக் கேட்டது எனக்கே விளங்கியது.

தலைவர் ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பாஸ்கரன் என் காலை மெதுவாக மிதித்தார். நான் கதிரையின் தேய்ந்த கைபிடியை, கயிற்றுக்கு மேலாகப் பிடித்திருந்தேன். அது ஏன் என்று தெரியாது. எனக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை.

"மீ," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐ டூ. மை பீப்பிள், திஸ் டே, ஓல் கிரேவ் வைட். மை ஃபாதர்..." எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதோடு முடிந்துகொண்டிருந்தது. "மை ஃபாதர், நோ கிரேவ்."

அதுதான் என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே மேடைப் பேச்சு.

பிறகு தமிழில் சொன்னேன். இடம்பெயர்ந்த பாதை, பனையடி, எங்கள் வழக்கம், அது ஆளில்லாத ஏழையின் கல் என்று நினைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கரன் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். பனையடி வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு மாதம் ஒரே வானில் போய்வந்தும் அவருக்கு அந்தக் கதையை நான் சொன்னதில்லை.

தலைவர் நாடியைத் தடவினார். மார்கரெட் என்னிடம் நேராகக் கேட்டார்: பெயின்ற்றா, சுண்ணாம்பா?

நான் ஓடிப்போய் வானில் இருந்து வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்து, மணந்து பார்த்தார். 'ஆ' என்றார்.

தலைவரின் முடிவு இதுதான்: கல் வேலை தெரிந்த நிபுணர் மெல்பேர்னில் இருந்து வந்து பார்க்கட்டும். கல் கெட்டிருந்தால் பொலிசுக்குப் போவதைத் தவிர வழியில்லை.

வெளியே வந்ததும் பாஸ்கரன் ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வானுக்குள் ஏறி, சாவியைப் போடாமல் இருந்தார்.

"வாயத் திறக்காதீங்கன்னு ஒரே ஒரு வேலைதாண்ணே குடுத்தேன்," என்றார். பிறகு, "சாப்பிடலாம் வாங்க" என்றார்.

வாளியும் பிரஷும்

ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் பிலோமினா ஒவ்வொரு பின்னேரமும் அழைத்து, ஒன்றும் கேட்காமல், மீன் விலையும் மழையும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வந்த நிபுணர் ஒரு இளம் பெண். பூதக்கண்ணாடியும் பல் துலக்கும் பிரஷும் கொண்டுவந்திருந்தார். புல்லில் குப்புறப் படுத்துக் கல்லைப் பார்த்தார். எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு அவர் சொன்னதைப் பாஸ்கரன் என்னிடம் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"அண்ணே, பெயின்ட்டா இருந்தா கல்லோட தோலும் சேர்ந்து உரிஞ்சு வந்திருக்குமாம். சுண்ணாம்புங்கறதால தப்பிச்சுது. தண்ணியும் மெத்துன்னு பிரஷும் போதுமாம். ஆனா மெஷின் கூடாது, இரும்பு கூடாது, கையாலதான். உங்க அப்பாதாண்ணே காப்பாத்திட்டாரு."

நான் திரும்பி நின்றுகொண்டேன்.

கழுவும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். மூன்று சனிக்கிழமை. மார்கரெட் மடக்குக் கதிரையும் தேநீர்க் குடுவையும் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவார். நான் திரும்பவும் எதையாவது அடித்துவிடுவேன் என்ற காவலோ என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஊர் வரலாறு சேர்க்கும் அவருக்கு மேயரைப் பற்றிச் சொல்ல ஒரு காது வேண்டியிருந்தது. மெதுவாக, சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்வார். கையால் செய்து காட்டுவார். விளங்காததைப் பாஸ்கரன் வந்து விளக்குவார்.

சைலஸ் பென்ரோ தங்கம் தேடித்தான் வந்தாராம். கைவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு துறைமுகத்தில் இருந்து நடந்தே வந்தவர். தங்கம் கிடைக்கவில்லை. ஓடைத் தண்ணீரைக் குடித்து ஆட்கள் வயிற்றோட்டத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தூரத்து ஊற்றில் இருந்து நல்ல தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுவந்து கூடாரம் கூடாரமாக விற்றார். முடியாதவர்களுக்குச் சும்மா கொடுத்தார். நகரசபை வந்தபோது சனம் அவரைத்தான் முன்னால் தள்ளியதாம். தலைவராக இருக்க அவருக்கு வெட்கமாம். முதல் கூட்டம் ஒரு கூடாரத்துக்குள், போத்தலில் செருகிய மெழுகுதிரி வெளிச்சத்தில். ஒருவர் வீதி வேண்டும் என்றார், ஒருவர் சிறைக்கூடம் வேண்டும் என்றார். பென்ரோ சேமக்காலைக்கு வேலி வேண்டும் என்றார்.

அப்போது செத்தவர்களை, தங்கத்துக்குத் தோண்டிய குழிக்குப் பக்கத்திலேயே புதைப்பார்களாம். அடுத்த மாதம் வேறொருவன் தங்கம் தேடி அதே இடத்தைத் தோண்டுவான். எலும்பு வெளியே வரும். பென்ரோ ஒரு நிலத்தை ஒதுக்கி, இதற்குள் யாரும் மண்வெட்டி வைத்துத் தங்கம் தேடக்கூடாது என்று சட்டம் போட்டார். கீழே தங்கம் ஓடுகிறது என்று சொல்லி ஆட்கள் கூட்டமாய் வந்தார்கள். அவர் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாராம், பல நாள்.

"அந்தக் கதிரையா?" என்று கையால் கேட்டேன்.

"அதே கதிரை," என்று மார்கரெட் தலையாட்டினார்.

சுற்றிலும் மலையையே புரட்டிப்போட்ட ஊரில் தோண்டாமல் விட்ட நிலம் அது ஒன்றுதான். நான் ஏழு மாதம் புல் வெட்டிய நிலம். பெரிய தூண் வைக்கக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் செத்தாராம். அதனால்தான் அந்தச் சின்னக் கல்.

கடைசி வரி

மூன்றாவது சனிக்கிழமை கல்லின் முகம் சுத்தமாகிவிட்டது. ஆனால் எழுத்துகளின் பள்ளத்துக்குள் சுண்ணாம்பு நின்றது. மண்நிறக் கல்லில் எழுத்துகள் வெள்ளையாக, பலகையில் எழுதியதுபோலத் தெரிந்தன. படம் எடுக்கும்வரை அதைத் தொட வேண்டாம் என்று நிபுணர் சொல்லியிருந்தார். நான் அடிப்பகுதிக்கு வந்தேன். அன்று நான் கையால் மண் அகற்றிய இடம். அடிவரைக்கும் அடித்த இடம்.

அங்கேயும், மண் அடைந்து இதுவரை தெரியாமல், ஒரு வரி எழுத்து இருந்தது.

மார்கரெட்டைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் காட்டினேன். அவர் கதிரையில் இருந்து எழும்பி, முழங்காலில் இறங்கி, கன்னம் மண்ணில் படுமளவுக்குக் குனிந்தார். உதடு அசைய வாசித்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். தேநீர்க் குடுவை சாய்ந்து ஊற்றியதையும் பார்க்கவில்லை.

பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கப்பலில் இரண்டு பென்ரோக்கள் இறங்கியதாகப் பதிவு இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் ஒருவர்தான். மற்றவர் என்ன ஆனார் என்று மார்கரெட் இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கல் இறங்கி, மண் ஏறி, பதில் ஒரு சாண் கீழே மறைந்து கிடந்திருக்கிறது.

அன்று பாஸ்கரன் பக்கத்தில் இல்லை. மார்கரெட் அந்த வரியை எனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அதில் மிக முக்கியமானதை அவர் நகரமண்டபத்தில் கேட்டிருந்தார்.

கல்லைத் தொட்டார். "ஹிஸ் பிரதர்," என்றார். என்னைப் பார்த்தார்.

"நோ கிரேவ்."



நீலம்

நகரசபை நாளில் ஊரே வந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். தலைவர் அந்தக் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார்; 'கல்லறை இல்லாத என் தம்பிக்கும் இதுவே கல்' என்று பாஸ்கரன் எனக்குத் தமிழில் சொன்னார். மாலை வைத்த பிறகு என்னைத் தேடி மரத்தடிக்கே வந்து, அந்தப் பெரிய சிவந்த கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொலிஸ் என்ற சொல் பிறகு வரவேயில்லை.

அடுத்த வருஷம் விசா கிடைத்தது. என் கோப்பில் மார்கரெட் கொடுத்த ஒரு கடிதம் இருந்ததாகச் சட்டத்தரணி சொன்னார். 'தான் செய்ததை, யாரும் கேட்காமலே, ஒப்புக்கொண்ட மனிதர்' என்று எழுதியிருந்தாராம். அதனால்தான் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல மட்டும் தெரியும். மார்கரெட்டுக்கு, பாஸ்கரனுக்கு, வெற்றிலைச் சுண்ணாம்பை மணந்து பார்த்த அந்தக் கடைப் பையனுக்கு.

அதற்கும் ஒரு வருஷம் பொறுத்து பிலோமினாவும் றெஜினாவும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அவர்கள் வெளியே வர வெகுநேரம் ஆகியது. பிலோமினாவின் பெட்டியில் இருந்த ஒரு பொட்டலத்தை அதிகாரிகள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். உடுப்புக்குப் போடும் நீலம்.

"இனிக் கல்லறைக்கு அடிக்கேலாது," என்றேன்.

"அப்ப என்னத்துக்கு ரெண்டு வருஷமா நீலம் கிடைக்கேல்லை, நீலம் கிடைக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"நீர் எல்லே கேட்டுக்கொண்டிருந்தனீர்?"

ஆனால் நீலத்துக்கும் ஒரு வழி வந்தது. மயானக் குழு எனக்கு ஒரு கடிதம் தந்திருந்தது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் மெழுகுதிரி கொளுத்தலாம். வாசலில் மண்வெட்டி வைக்கும் செங்கல் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், அதற்கு ஆதியில் சுண்ணாம்புதான் அடித்திருந்ததாம். 'கல்லறைகள் தவிர' என்ற சொற்களுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

அந்தக் கார்த்திகையில் பாஸ்கரனின் வானில் நாங்கள் மூவரும் போனோம். நான் சுண்ணாம்பு கரைத்தேன். பிலோமினா ஒரு சிட்டிகை நீலம் போட்டாள். அறையின் சுவர் காய்ந்தபோது மார்கரெட் தள்ளி நின்று பார்த்து, ஏன் இலேசாய் நீலம் தெரிகிறது என்று கேட்டார். ஊரில் ஆங்கிலம் படித்திருந்த றெஜினா மொழிபெயர்த்தாள்.

"அப்பதான் வெள்ளை வெள்ளையாத் தெரியும் எண்டு சொல்லு பிள்ளை," என்றாள் பிலோமினா. அதைக் கேட்டு மார்கரெட் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு மேயரின் கல்லுக்குப் போனோம். பிலோமினா மூன்று மெழுகுதிரி எடுத்தாள். ஒன்றை மேயருக்கு வைத்தாள். ஒன்றை அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில், தம்பிக்கு வைத்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் பார்த்தாள். பார்த்து, தம்பியின் திரிக்குப் பக்கத்திலேயே மண்ணை விரலால் குழித்து ஊன்றினாள். காற்று அணைக்காமல் கையைக் குவித்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, இப்போதைக்கு இஞ்ச இருங்கோ. இடம் தந்தவர் நல்ல மனிசன்."